கூடைப்பந்தின் தந்தை டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

மின்விளக்கைக் கண்டுபிடித்தவரையும், நோய் தீர்க்கும் மருந்துகளைக் கண்டுபிடித்தவர்களையும் உலகம் போற்றுகிறது. அவர்களுடைய படங்கள் பள்ளிச் சுவர்களை அணி செய்கின்றன. ஆனால், ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அது வியப்பன்று. ஏனெனில், பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தந்தை என்று ஒருவரைச் சொல்ல இயலாது. கபடியை முதன் முதலில் ஆடியவர் யார்? பல்லாங்குழிக்குக் குழி அமைத்தவர் யார்? எவரும் அறியார். அவை மக்களோடு மக்களாகப் பிறந்து வளர்ந்தவை.

கூடைப்பந்து அவ்வாறு பிறந்ததன்று. அது பிறந்த ஊரும், ஆண்டும், அதைப் படைத்தவருடைய பெயரும் நமக்கு நன்றாகத் தெரியும். அவர்தாம் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பெற்றோரை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, காட்டில் மரம் வெட்டி, பின்னர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் இறைப்பணியாளராகவும் உயர்ந்தவர் அவர். நாள்தோறும் மாலையில் அவருடைய விளையாட்டை ஆடும் நாங்கள், அவருடைய வாழ்வையும் அறிந்துகொள்வது கடமை என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இளமைப் பருவம்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆல்மான்ட் என்ற சிற்றூருக்கு அருகே, 1861 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிறந்தார். அவருடைய பெற்றோரான ஜான் நெய்ஸ்மித்தும் மார்கரெட்டும் ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள். உழைப்பும் இறைப்பற்றும் நிறைந்த எளிய குடும்பம் அது.

அந்தக் குடும்பத்தின் மீது 1870 இல் பேரிடி விழுந்தது. டைபாய்டு என்னும் கொடிய காய்ச்சல் அவ்வட்டாரத்தில் பரவியது. சில வாரங்களுக்குள் தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தனர். அப்போது ஜேம்ஸுக்கு ஒன்பது வயது. விளையாடித் திரிய வேண்டிய வயதில் அச்சிறுவர் அநாதையானார். அவரையும் அவருடைய உடன்பிறந்தோரையும் பாட்டியும், தாய்மாமன் பீட்டர் யங்கும் வளர்த்தனர். மாமா கண்டிப்பானவர், நேர்மையானவர். பண்ணை வேலைகள் அனைத்தையும் மருமகனுக்குப் பழக்கினார். குளிர்காலத்தில் பனி மூடிய பாதையில் வண்டி ஓட்டவும், விறகு பிளக்கவும், குதிரைகளைப் பேணவும் ஜேம்ஸ் கற்றார்.

ஊரின் கொல்லன் பட்டறைக்கு அருகே ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் மேல் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு, சற்றுத் தொலைவிலிருந்து வேறு கற்களை எறிந்து அதைக் கீழே தள்ளுவது அவ்வூர்ச் சிறுவர்களின் விளையாட்டு. பாறையைக் காவல் காப்பவனிடம் பிடிபடாமல், எறிந்த கல்லை மீட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். வேகமாக எறிந்தால் குறி தவறும். கல் வெகுதூரம் போய் விழும். அதை எடுத்து வருவதற்குள் பிடிபட்டுவிடுவோம். மெதுவாக, வில் போல் வளைத்து எறிந்தால் குறியும் தப்பாது, கல்லும் அருகிலேயே விழும். சிறுவர் ஜேம்ஸ் இதைத் தம் அனுபவத்தில் கண்டறிந்தார். அந்தச் சிறு உண்மை இருபது ஆண்டுகள் கழித்து உலகம் முழுவதற்கும் பயன்படப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்!

மீண்டும் பள்ளிக்கு

ஜேம்ஸ் சிறு வயதில் படிப்பில் முதன்மையாக விளங்கியவர் அல்லர். பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டு நின்றுவிட்டார். காட்டில் மரம் வெட்டும் கூலியாளாகச் சில ஆண்டுகள் வேலை செய்தார். நம் வயதில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோடரியைத் தூக்கினார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

ஆனால், அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தம் வாழ்வு வீணாகிறது என்று உணர்ந்ததும், தம்மைவிட வயதில் சிறிய பிள்ளைகளோடு அதே பள்ளியில் மீண்டும் அமர்ந்தார். வளர்ந்த இளைஞர் ஒருவர் சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர எவ்வளவு துணிவு வேண்டும்! பள்ளிப் படிப்பை முடித்து, 1883 இல் மாண்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்ற பின், இறைப்பணியாளராகும் நோக்கத்துடன் அந்நகரிலேயே இருந்த பிரஸ்பிட்டேரியன் கல்லூரியில் இறையியலைப் பயின்று 1890 இல் முடித்தார்.

இறையியல் மாணவர் ஒருவர் உதைபந்து ஆடுவதை அக்காலத்தில் பலர் விரும்பவில்லை. விளையாட்டு சாத்தானின் கருவி என்றுகூடச் சிலர் நினைத்தனர். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, உடன் ஆடிய தோழர் ஒருவர் சினத்தில் தகாத சொல்லை உதிர்த்தார். அருகில் நெய்ஸ்மித் நிற்பதைக் கண்டதும் வெட்கமுற்று மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித் அவரை ஒன்றும் கண்டித்ததில்லை. தம் நன்னடத்தை ஒன்றே மற்றவரைத் திருத்துகிறது என்பதை அன்று அவர் உணர்ந்தார். பிரசங்க மேடையில் நின்று செய்யும் தொண்டை விளையாட்டு மைதானத்தில் நின்றும் செய்யலாம் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது. அவருடைய சகோதரி ஆனிக்கு இம்முடிவு பிடிக்கவில்லை. ஆயினும், தம் அழைத்தல் எது என்று ஆராய்ந்து தெளிந்த பின் நெய்ஸ்மித் பின்வாங்கவில்லை. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1890 இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார்.

பதினான்கு நாள் சோதனை

1891 ஆம் ஆண்டின் குளிர்காலம். இலையுதிர் காலத்தில் உதைபந்து உண்டு. வசந்தத்தில் பேஸ்பால் உண்டு. பனிக்காலத்தில் மட்டும் கூடத்திற்குள்ளேயே அடைந்து கிடந்து ஒரே வகையான டிரில் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். அதில் சலிப்புற்ற பதினெட்டு மாணவர் கொண்ட ஒரு வகுப்பு எவருக்கும் அடங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று தோற்றனர். உடற்பயிற்சித் துறையின் தலைவர் டாக்டர் லூதர் கியூலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்தார். உள்ளே ஆடக்கூடிய ஒரு புதிய விளையாட்டை உருவாக்கும்படி பதினான்கு நாள் தவணையும் கொடுத்தார்.

நெய்ஸ்மித் முதலில் வெளி விளையாட்டுகளையே உள்ளே ஆட வைத்துப் பார்த்தார். கை கால் உடையும் போலிருந்ததே தவிரப் பயனில்லை. நாட்கள் கழிந்தன. பின்னர் அவர் அமைதியாக அமர்ந்து, ஒரு மருத்துவர் நோயின் காரணத்தைத் தேடுவது போல், ஒவ்வொரு விளையாட்டையும் பிரித்து ஆராய்ந்தார். சிறு பந்துக்கு மட்டை வேண்டும். மட்டை இருந்தால் கூடத்திற்குள் அபாயம். ஆகவே, பெரிய மென்மையான பந்து நல்லது. ஆட்டக்காரர் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுவது ஏன்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான். ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால் தள்ள வேண்டிய தேவையே இராது. பந்தை வேகமாக அடிப்பது ஏன்? கோல் நேர் எதிரே நிற்பதால்தான். கோலின் வாயை வானம் பார்க்கத் தலைக்கு மேலே வைத்துவிட்டால், வளைத்து மெதுவாகத்தானே எறிய வேண்டும்? ஆல்மான்டின் பாறையும் கல்லும் அப்போது அவர் நினைவுக்கு வந்தன!

மறுநாள் காலையில் பள்ளியின் பணியாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள் கிடைத்தன. நம் ஏற்காட்டில் ஆரஞ்சு கட்டும் கூடைகளைப் போன்றவை என்று கொள்ளலாம். கூடத்தைச் சுற்றியிருந்த மேல்மாடத்தின் கம்பியில், ஆளுக்கொரு பக்கமாக அவற்றை ஆணியடித்து மாட்டினார். அந்த மாடத்தின் உயரம் பத்து அடி. இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் பத்து அடியாகவே, அதாவது 3.05 மீட்டராகவே, இருப்பதற்குக் காரணம் இதுதான். பெட்டி கிடைத்திருந்தால் விளையாட்டின் பெயரே மாறியிருக்கும் அன்றோ!

பதின்மூன்று விதிகளை எழுதித் தட்டச்சு செய்வித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பந்தை ஒரு கையாலோ இரு கைகளாலோ எத்திசையிலும் எறியலாம், பந்துடன் ஓடக்கூடாது, எதிரியைத் தோளால் இடிக்கவோ, பிடிக்கவோ, தள்ளவோ, காலை இடறவோ கூடாது, இரண்டாம் முறை தவறு செய்பவர் அடுத்த கோல் விழும் வரை வெளியே நிற்க வேண்டும். இவை அவற்றுள் சில. பதினெட்டு மாணவர் இருந்தபடியால் பக்கத்திற்கு ஒன்பது பேராகப் பிரிந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 21 ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன், முதல் ஆட்டம் நடந்தது. வில்லியம் சேஸ் என்ற மாணவர் போட்ட ஒரே ஒரு கோலுடன் ஆட்டம் முடிந்தது. கூடைக்கு அடிப்புறம் இருந்ததால், பந்து உள்ளே விழுந்தால் யாராவது மேலே ஏறித்தான் எடுக்க வேண்டும்!

அடங்காத வகுப்பு அடங்கியது. சிலர் இதை ஆசிரியரின் பெயராலேயே அழைக்க விரும்பினர். நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். பந்தும் கூடையும் இருப்பதால் கூடைப்பந்து என்றே பெயர் நிலைத்தது. விதிகள் 1892 ஜனவரி 15 ஆம் நாள் பள்ளியின் இதழில் அச்சாயின.

பெண்களும் ஆடலாம்

எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது இப்பகுதியே. பயிற்சிப் பள்ளிக்கு அருகே ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. அதன் ஆசிரியைகள் நண்பகல் இடைவேளையில் கூடத்திலிருந்து வந்த ஆரவாரத்தைக் கேட்டு, மேல்மாடத்தில் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினர். சில நாட்களில், தாங்களும் ஆடலாமா என்று நெய்ஸ்மித்திடம் கேட்டனர். அது 1892 ஆம் ஆண்டு. பெண்கள் வேகமாக நடந்தாலே குறை கூறிய காலம். நெய்ஸ்மித் சற்றும் தயங்காமல் இசைந்தார். தரை தொடும் நீண்ட பாவாடையுடனே அப்பெண்மணிகள் ஆடினர். விளையாட்டு பிறந்து மூன்று மாதங்களுக்குள் பெண்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள்! அவர்களுள் ஒருவரான மோட் ஷெர்மன் என்பவரையே நெய்ஸ்மித் 1894 இல் மணந்தார். அவர்களுக்கு ஐந்து மக்கள் பிறந்தனர்.

அதே மாநிலத்தின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இருந்தார். சிறு வயதில் உடல் நலிந்தவராக இருந்து, உடற்பயிற்சியால் வலுப்பெற்றவர் அவர். நெய்ஸ்மித்தின் விதிகளைப் படித்துத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச் மாதம் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியருக்கிடையே போட்டி நடந்தபோது, ஆண்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவில் இரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிகள் மோதின. இன்று மாணவியர் அரைக்கால் சட்டை அணிந்து துணிவுடன் களத்தில் நிற்கிறோம் என்றால், நீண்ட பாவாடை தடுக்கி விழுந்தும் எழுந்து ஆடிய அந்த ஆசிரியைகள் போட்ட பாதையே அதற்குக் காரணம்.

மருத்துவர், பேராசிரியர், பயிற்சியாளர்

1895 இல் நெய்ஸ்மித் டென்வர் நகருக்குச் சென்றார். பகலில் ஒய்.எம்.சி.ஏ. வில் பணி செய்துகொண்டே மருத்துவம் பயின்று 1898 இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறைக்கும் வழிபாட்டுக் கூடத்திற்கும் பொறுப்பேற்றார். ஒரே மனிதர் காலையில் மாணவர்களை ஜெபத்தில் நடத்துவார். மாலையில் மைதானத்தில் ஆட வைப்பார்.

அங்கு அவர் அமைத்த அணி தன் முதல் போட்டியை 1899 பிப்ரவரி 3 ஆம் நாள் ஆடி, 5 புள்ளிகளுக்கு எதிராக 16 புள்ளிகளில் தோற்றது! ஆயினும் அந்தப் பருவம் முடியும்போது 7 வெற்றியும் 4 தோல்வியும் பெற்றிருந்தது. 1907 வரை அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மொத்தம் 55 வெற்றிகள், 60 தோல்விகள். கன்சாஸ் பல்கலைக்கழக அணியின் நீண்ட வரலாற்றில், வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர் விளையாட்டைக் கண்டுபிடித்தவரே! இதைக் கேட்டு முதலில் நாங்கள் சிரித்தோம். சிந்தித்தபோது உண்மை விளங்கியது. அவர் வெற்றிக்காக அதைப் படைக்கவில்லை. பதினெட்டு பேர் ஒரு கூடத்திற்குள் காயமின்றி மகிழ்ந்து ஆட வேண்டும் என்பதற்காகவே படைத்தார். கூடைப்பந்து என்பது ஆட வேண்டியதே அன்றி, பயிற்றுவிக்க வேண்டியதன்று என்பது அவருடைய கருத்து. அவருடைய மாணவரான ஃபாக் ஆலன் இதை ஏற்காமல் பயிற்சியாளராகிப் பெரும்புகழ் பெற்றார் என்பது வேறு கதை.

முதல் உலகப் போரின்போது, ஐம்பது வயதைக் கடந்த நெய்ஸ்மித் குடும்பத்தைப் பிரிந்து பிரான்சுக்குச் சென்று, போர்வீரர்களின் ஒழுக்கத்திற்காகவும் நலனுக்காகவும் 1917 முதல் 1919 வரை தொண்டாற்றினார்.

கூலிக்கு ஆடியவர்கள்

நெய்ஸ்மித் கன்சாஸில் தம் முதல் பருவத்தை நடத்திய அதே குளிர்காலத்தில், அமெரிக்காவின் கீழ்க்கரையில் வேறொரு பருவம் நடந்தது. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகர ஆட்டக்காரர்கள் 1896 இலேயே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கட்டணம் வசூலித்து, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டனர். 1898 இல் தொழில்முறை அணிகளின் முதல் சங்கம் அமைந்தது. அதன் முதல் பருவத்தில் ட்ரென்டன் அணியே வாகை சூடியது. களத்தைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, கூண்டுக்குள் ஆடுவது போல் ஆடினார்கள். முரட்டுத்தனமும் மிகுந்தது. இடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது என்று விதி எழுதியவருக்கு இதைக் கேட்டால் எப்படி இருந்திருக்கும்?

ஆனால், பணத்திற்காக ஆடியவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1923 இல் ரெனைசன்ஸ் என்ற கறுப்பின அணி ஒன்று தோன்றியது. மேற்கிந்தியத் தீவொன்றில் பிறந்த பாப் டக்ளஸ் அதன் உரிமையாளர். வெள்ளையர் அணிகளின் சங்கங்களில் அதற்கு இடமில்லை. ஆகவே, ஊர் ஊராகப் பேருந்தில் சென்று ஆடினார்கள். பல ஊர்களில் விடுதிகள் கதவைத் திறக்கவில்லை. உணவகங்கள் சோறு போடவில்லை. பேருந்திலேயே உண்டு, உறங்கி, மறுநாள் களம் இறங்கினார்கள். 1938–39 ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்கள் பெற்ற வெற்றிகள் 112. தோல்விகள் 7 மட்டுமே. அப்பருவத்தின் முடிவில், 1939 மார்ச் மாதம் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில், வெள்ளையரின் வலிமை மிக்க அணியான ஆஷ்காஷை 34–25 என்ற கணக்கில் வென்றனர். அவர்களுக்கு அந்தக் கூலி வெறும் பணமன்று. தாங்களும் மனிதரே என்று நிலைநாட்டக் கிடைத்த வழி.

நெய்ஸ்மித்தும் இவ்வநீதியை நேரில் கண்டவர். 1933 இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கன்சாஸில் சேர்ந்தார். நிறத்தின் காரணமாக அவரைப் பல்கலைக்கழக அணியில் சேர்க்கவில்லை. முதியவரான நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, தாம் அறிந்ததையெல்லாம் கற்பித்தார். 1936 இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். அவருடைய கல்லூரி அணி 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களை வென்றது. களத்தில் இறங்க விடாமல் தடுக்கப்பட்டவர் ஆயிரம் பேரைக் களத்தில் இறக்கினார். ஒரு நல்ல ஆசிரியரின் கை எவ்வளவு தொலைவு நீள்கிறது, பாருங்கள்!

பெர்லினில் ஒரு மழைநாள்

1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன் முதலாகப் பதக்க விளையாட்டாயிற்று. அதைக் காண நெய்ஸ்மித்திடம் பயணச் செலவுக்குப் பணமில்லை! கூடைப்பந்துக்கு அவர் எந்த உரிமையும் கோரவில்லை. அதனால் செல்வமும் சேரவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் போட்டிகளின் கட்டணச் சீட்டிலிருந்து ஒவ்வொரு காசாகச் சேர்த்து அவரை அனுப்பி வைத்தனர். பல நாடுகளின் வீரர்கள் கொடியேந்தி வந்ததைக் கண்டு அம்முதியவர் உள்ளம் உருகினார்.

ஆகஸ்டு 14 ஆம் நாள் இறுதிப் போட்டி திறந்தவெளி மண் தளத்தில் நடந்தது. பெருமழை பெய்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. பிறந்த நாடாகிய கனடாவும், புகுந்த நாடாகிய அமெரிக்காவும் மோதின. அமெரிக்கா 19–8 என்று வென்றது. அதே மழையால்தான் அன்று நடக்கவிருந்த ஹாக்கி இறுதிப் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. மறுநாளாகிய ஆகஸ்டு 15 இல் தியான்சந்த் தலைமையில் நம் இந்திய அணி ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் பெற்றது.

1937 இல் ஓய்வு பெற்ற நெய்ஸ்மித், 1939 நவம்பர் 28 ஆம் நாள் லாரன்ஸ் நகரில் தம் எழுபத்தெட்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய கூடைப்பந்து வரலாற்று நூல் 1941 இல்தான் வெளிவந்தது. 1976 இல் மகளிர் கூடைப்பந்து முதன் முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இடம் எது தெரியுமா? அவர் படித்த மாண்ட்ரியால் நகரம்! அவர் தட்டச்சு செய்வித்துப் பலகையில் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010 இல் ஏலத்தில் 43 இலட்சம் டாலருக்கு விலைபோயின. எழுதியவருக்குப் பயணச் செலவுக்கு இல்லாத பணம், எழுதிய தாளுக்குக் கிடைத்தது.

நம் நாட்டிற்கு வந்த கதை

முதல் ஆட்டம் ஆடிய அந்தப் பதினெட்டு மாணவருள் டங்கன் பாட்டன் என்பவர் ஒருவர். ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்த அவர், 1894 அளவில் கூடைப்பந்தை இங்கு அறிமுகம் செய்தார். அடங்காத வகுப்பு என்று பெயரெடுத்த மாணவரே ஆசிரியராகக் கடல் கடந்து வந்தார் என்பது வேடிக்கை அன்றோ!

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்ற மற்றொரு பெருமகனார் 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் மாணவர்கள் ஐவர் மட்டுமே. ஆசியாவிலேயே இத்தகைய முதல் கல்லூரி அதுவென்பர். 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. 1943 இல் அவர் மறைந்தார். அக்கல்லூரி இன்றும் சென்னை நந்தனத்தில் சிறப்புடன் நடைபெறுகிறது. அங்கு பயின்றவர்கள் தமிழகத்தின் மூலை முடுக்கெங்கும் விளையாட்டு ஆசிரியர்களாகச் சென்றனர். ஸ்பிரிங்பீல்டில் ஏற்றிய விளக்கு இப்படிக் கை மாறிக் கை மாறி நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது.

1934 இல் புது தில்லியில் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. 1950 இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் அணி ஆடியது. நம் தமிழகத்து வீராங்கனை அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியாகி, 2021 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இச்செய்தி நமக்கெல்லாம் எவ்வளவு ஊக்கம் அளிக்கிறது!

மலைநாட்டுப் பிள்ளைகளும் கூடைப்பந்தும்

சேர்வராயன் மலையில் சமதரை என்பது கிடைத்தற்கரிய செல்வம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் இவ்வூரில், கால்பந்து மைதானத்திற்கு மலையையே வெட்ட வேண்டும். பந்து எல்லையைத் தாண்டினால் காப்பித் தோட்டத்தில்தான் போய்த் தேட வேண்டும்! கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். மூடுபனி இறங்கி எதிர் வளையம் மங்கித் தெரியும் மாலையிலும், மழை விட்ட அரைமணி நேரத்திலும் ஆடிவிடலாம். பனிக்காலத்தில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்காகப் பிறந்த விளையாட்டு, பனி சூழ்ந்த மலையில் வாழும் எங்களுக்கு உற்ற தோழியாக இருப்பதில் வியப்பென்ன?

பெற்றோர்களுக்கும் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு எதற்கு என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். பெண் பிள்ளைக்கு ஓட்டமும் ஆட்டமும் எதற்கு என்றும் கேட்கிறார்கள். எங்கள் நலத்தை எண்ணியே அவ்வாறு கேட்கிறீர்கள் என்பதை அறிவோம். ஆனால், நெய்ஸ்மித்தின் வாழ்வைப் பாருங்கள். படிப்பும் விளையாட்டும் இறைப்பற்றும் அவரிடம் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. ஒன்றையொன்று தாங்கி நின்றன. பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் தோழிக்குக் கொடுக்கவும், நடுவர் ஊதினால் வாதாடாமல் நிற்கவும், தோற்றபின் வென்றவளின் கையைப் பற்றவும் எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகம் கற்றுத்தரும்? நாளை ஒரு மாலையில் அரைமணி நேரம் எங்களை ஆட விடுங்கள். மற்ற நேரத்தை நாங்கள் புத்தகத்திற்கே கொடுக்கிறோம்.

அன்பார்ந்த மாணவத் தோழியரே! படிப்பை விட்டவர் மீண்டும் படிக்க வந்தார் என்பதை, தேர்வில் பின்தங்கியவர்கள் நினைவில் கொள்ளுங்கள். கேட்டு வந்த பெண்களுக்கு இடம் கொடுத்தார் என்பதை, அணியின் தலைவியர் நினைவில் கொள்ளுங்கள். நன்றாக ஆடுபவள் மட்டுமே ஆட வேண்டும் என்று அவர் விதி எழுதவில்லை. ஓரத்தில் நின்று பார்க்கும் தோழியையும் கைப்பிடித்து உள்ளே அழைப்போம். இறைவன் நமக்களித்த உடலையும் உள்ளத்தையும் தூய்மையாகவும் வலிமையாகவும் பேண, அந்த நல்லவரின் வாழ்வு நமக்கு வழிகாட்டுவதாக!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு